ஆகாருக்குச் சொன்ன வினைச்சொல்

பதுளை, 1907

என் கண்ணான மகளுக்கு,

மாப்பிள்ளை வீட்டார் உன்னையும் கைக்குழந்தையையும் வெளியே அனுப்பிவிட்டதாகவும், நமுனுகுல தோட்டத்து லயக் குடியிருப்பில் யாரோ இடம் கொடுத்திருப்பதாகவும் ஆள் வந்து சொன்னான். “திடமாயிரு என்று மகளுக்கு எழுதும்” என்றார் பாதிரியார். எழுத உட்கார்ந்ததும் அந்தச் சொல்லின் எபிரெயம் நினைவுக்கு வந்தது.

அவரிடம் எபிரெயம் படிக்கிறேன் அல்லவா? அதில் ‘ஹாஸக்’ என்ற வினைக்குத் தன்வினையில் பலமாயிரு என்று பொருள். பிறவினையில் இறுகப் பிடித்துக்கொள் என்றாகும். வேதத்தில், பிள்ளையோடு வீட்டைவிட்டு அனுப்பப்பட்டு, வனாந்தரத்தில் அந்தப் பிள்ளைக்காக அழுத ஆகாரிடம் தேவதூதன் சொன்னது இரண்டாவதைத்தான்.

இதைச் சொன்னதும் உன் அம்மா, “அப்ப எழுதிக்கிட்டே இருக்காதீங்க, வண்டியைக் கட்டச் சொல்லுங்க” என்றாள்.

இதை அந்த ஆளிடமே கொடுத்தனுப்புகிறேன். விடிந்ததும் வருகிறோம். நீ பிள்ளையைப் பிடித்துக்கொள். உன்னை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

உன் அப்பா