பச்சைப் படகு

ஏப்ரல் 6, 2025

காலையில் தோட்டத்திலிருந்து தவசி போன் செய்தான். குளத்து மோட்டாரின் வால்வில் இலை அடைத்திருக்கிறதாம், தண்ணீர் ஏறவில்லை. “இறங்கி எடுத்து விடப்பா” என்றேன். அவன் பொண்டாட்டி பொன்னுமணி போனைப் பிடுங்கினாள்.

“போன தடவை வழுக்கி முங்கி, குழாயைப் பிடிச்சுத் தப்பிச்சாரு பாய். இனி இவர அதுல இறக்குனீங்க, நாங்க எங்க ஊரு சிலமலைக்கே போயிர்றோம்.”

குளம் என்றால் குழி வெட்டிப் பிளாஸ்டிக் விரித்தது. வால்வு நடுக்குளத்தில். தவசி போனால் ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. தண்ணீர் இல்லாமல் செடியும் இந்த வெயிலைத் தாங்காது. படகு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மலையடிவாரத்துப் போடிக்காரனுக்குப் படகு! ஏன் வாயைத் திறந்தேன்?

ஏப்ரல் 9

தூத்துக்குடி. பழைய கப்பல் சாமான் விற்கிற கடை. பெரிய கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வருகிற குட்டிப் படகுக்கு டிங்கி என்று பெயராம். இரண்டு இருந்தன. ஒன்று சாம்பல் நிறம், அழுது வடிந்தது. இன்னொன்று பச்சை! ஏலக்காய் ஏலத்தில் மாதிரித் தட்டில் வந்தால் எல்லோரும் கை நீட்டுகிற பச்சை.

அழுது வடிவதை இங்கிலீஷில் டிஞ்சி என்பார்கள். எழுதிப் பார்த்தால் இரண்டு வார்த்தையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். என் படிப்பைக் கடைக்காரரிடம் காட்டிவிட்டுப் பச்சையைத் தொட்டேன். “ரசனையான ஆளு அண்ணாச்சி நீங்க” என்றார். மனசு குளிர்ந்துவிட்டது.

ஏப்ரல் 10

ஜீப்பின் தலையில் படகைக் கட்டிப் பஜார் வழியாக வந்தேன். “மழை அம்புட்டா வரப்போகுது பாய்?” என்று கேட்காத கடை இல்லை. வீட்டு வாசலில் நஜீமா நின்று பார்த்தாள்.

“கப்பல் எப்பங்க வருது?”

கட்டிய மனைவி கேட்கிற கேள்வியா இது?

ஏப்ரல் 12

குரங்கணிக்கு மேலே தோட்டம் வரை ஏற்றிவிட்டோம். பொன்னுமணி படகை ஒரு சுற்றுச் சுற்றினாள். “மொதல்ல நீங்க போயிட்டு வாங்க பாய். அப்புறம் இவர அனுப்புறேன்.”

வேலையாட்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்று எப்படிச் சொல்வது? தவசி என் இடுப்பில் கயிறு கட்டினான். “எதுக்குப்பா, மாட்டுக்குக் கட்டுற மாதிரி?” என்று வீறாப்பாகக் கேட்டேன்.

நடுக்குளத்தில் உட்கார்ந்த இடம் ஈரமானது. கை பச்சை. வேட்டி பச்சை. சுற்றியிருந்த தண்ணீரும் பச்சை. சாயம்! அது கரைந்த இடத்தில், பட்டி பார்த்து அடைத்த விரிசல் வாயைத் திறந்தது. படகு போனது. நானும்தான்.

யா அல்லா — எங்க கால வச்சாலும் வழுக்குது, வாயெல்லாம் தண்ணி, செத்தேன்னே நெனச்சேன். இத்தன நாளா இதுக்குள்ளயா அவன எறக்குனேன்?

கயிற்றை இழுத்துப் புருஷனும் பெண்டாட்டியுமாக என்னைக் கரையில் போட்டார்கள்.

ஏப்ரல் 13

முப்பது வருடமாக ஏலக்காய் வியாபாரம். ஈரத்துணியில் தேய்த்துப் பார்க்காமல் ஒரு மூட்டை வாங்கியதில்லை. சாயம் ஏற்றியவர்களை மண்டி அதிரத் திட்டி அனுப்பியிருக்கிறேன். படகை ஒரு தரம் தேய்க்கத் தோன்றவில்லை.

நஜீமா வேட்டியை அலசி அலசி ஓய்ந்துவிட்டாள். “நல்ல சரக்குங்க. போகவே மாட்டேங்குது.”

ஏப்ரல் 16

சாம்பல் படகு வந்துவிட்டது. கல்லை ஏற்றி நாள் முழுக்க மிதக்க விட்டேன். உள்ளே சொட்டு ஈரமில்லை. கூடவே ஒரு லைஃப் ஜாக்கெட். கடையிலேயே தேய்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஏப்ரல் 17

தவசி படகில் ஒரு காலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். பொன்னுமணி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“தள்ளுப்பா. நான் போறேன்.”

மே 4

இந்த வாரம் இலை அதிகம். படகில் உட்கார்ந்து குழாயை மேலே தூக்கி வால்வைச் சுத்தம் செய்து விடுவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. மேட்டுச் செடி வரை தண்ணீர் ஏறுகிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற தவசி சத்தம் போட்டான்:

“வெரசா முடிங்க பாய், எனக்கு வேற சோலி இருக்கு.”