உள்ளே இரண்டு லிட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். நீ, உன் மனைவி, குழந்தை மூவரும் நன்றாக இருக்க வேண்டும் என்பது சத்தியம். அதற்காகவாவது மீதியைப் படி. போனில் கூப்பிட்டால் நீ எடுக்கப் போவதில்லை, எடுத்தாலும் நான் முழுசாகச் சொல்லி முடிக்க மாட்டேன்.

உன் அண்ணனுக்கு ரொம்ப மோசம். சிறுநீரகம் இரண்டும் போனது உனக்குத் தெரியும். இந்த இரண்டு வருடமும் வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்துதான் ஓட்டினோம். தொப்புள் பக்கத்தில் ஒரு குழாய். தினம் நாலு தடவை சர்க்கரைத் தண்ணீர்ப் பையை மாட்டி இரண்டு லிட்டரை உள்ளே விடுவேன், சில மணி நேரம் கழித்து வடிப்பேன். வயிற்றுக்குள் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறதாம். அதற்கு இந்தப் பக்கம் சர்க்கரை கனமாக இருந்தால், அந்தப் பக்கம் ரத்தத்தில் தேங்கிய தண்ணீர் சவ்வைத் தாண்டி வந்துவிடும். கழிவும் கூடவே வரும். "தண்ணிக்கு யாரும் வழி சொல்ல வேண்டாம்மா, சர்க்கரை எங்க ஜாஸ்தியோ அங்க ஓடிடும்" என்றார் நர்ஸம்மா. பத்தாவது பெயிலான எனக்கு இது மட்டும் நன்றாகப் பிடிபட்டது. அதுதான் வினை.

பையில் சர்க்கரை இலேசானது தினப்படிக்கு. கனமானது, கால் வீங்கினால் மட்டும். அவருக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் அனுமதி. வெயில் காலத்தில் ஈரத்துணியை வாயில் வைத்துச் சப்புவார். "ஒரே ஒரு வாய்டி" என்று கெஞ்சுவார். ஐயோ, பெற்ற பிள்ளைகூட அப்படிக் கெஞ்சாது. கனமான பையை மாட்டினால் கூடுதலாகத் தண்ணீர் வடியும், அந்த அளவுக்கு அவர் குடிக்கலாமே என்று என் மூளை வேலை செய்தது. வீக்கம் என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்லி அதையே வாங்கி, தினமும் மாட்டினேன். இரண்டு விட்டால் இரண்டே முக்கால் வடிந்தது. என்னைவிடக் கெட்டிக்காரி உண்டா என்று இருந்தேன்.

இப்போது இரண்டு விட்டால் ஒன்றே முக்கால்தான் வருகிறது. அத்தனை சர்க்கரையில் சவ்வு கெட்டுவிட்டது. விட்ட சர்க்கரை கொஞ்ச நேரத்திலேயே ரத்தத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டால் தண்ணீர் ஏன் அசையப் போகிறது? "கனமான பை போடலன்னாலும் சில பேருக்கு இப்படி ஆகும்மா" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தெரியாதா எனக்கு? வீக்கத்தில் உன் அண்ணனுக்குச் செருப்பு காலில் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியிலேயே கிடக்கிறார். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் போடலாம் என்றால், அதற்காகக் கையில் தயார் செய்த ரத்தக்குழாய் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள், அது சில வாரம்தான் தாங்குமாம். மாற்றுச் சிறுநீரகம் ஒன்றுதான் வழி. என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்குச் சர்க்கரை நோயாம், ஆகாதாம்.

இனி சொல்லப்போவதைக் கேட்டு என்னைத் திட்டு. அன்று நீ உன் சிறுநீரகத்தைக் கொடுக்கப் பெட்டியோடு வந்தாயே, அதற்கு முந்தின நாள் உன் மனைவி எனக்குப் போன் செய்தாள். ஏழு மாதம் அப்போது. "அக்கா, இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்" என்று அழுதாள். பைதான் இருக்கிறதே என்ற தைரியத்தில், அண்ணன் உன் முகத்தில் விழிக்க விரும்பவில்லை என்று சொல்லி உன்னை வாசலோடு அனுப்பினேன். அவரிடம், தம்பி பயந்து ஓடிவிட்டான் என்றேன். அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு பேரையும் நான்தான் பிரித்தேன், பாவி.

நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். ஈரத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவன வரச் சொல்லு. எதையும் கேட்டுடாத. முகத்தப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

அதனால் நான் எதையும் கேட்கவில்லை, தம்பி. இந்தக் கடிதத்தை உன் மனைவிக்கும் காட்டு, அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் வேண்டாம். குழந்தை நூறு வயது இருக்கட்டும். சும்மா வந்து அண்ணனைப் பார். காலை வண்டியில் வருவதானால் வழியில் காபிகூடக் குடிக்காதே. ரத்தம் எடுக்க வெறும் வயிறு வேண்டுமாம்.

உன் கோபத்துக்குத் தகுந்தவளான,
அண்ணி