சந்தனம் காய்ந்த ஸ்டியரிங்

பேச்சில் ஒருமுறைகூட என்னை ஜெயிக்கவிடாத என் பாலுவுக்கு,

அன்று காலை ஸ்டியரிங்கைத் தண்டில் வைத்து அழுத்தியபோது உனக்கு ‘டக்’ என்று சத்தம் கேட்டதா? ஒரு வருஷமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீ.

இத்தனை வருஷம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் இறந்தவனுக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆவியிலும் சகுனத்திலும் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்தச் சத்தம் என்னை விடவில்லை. சீட் பெல்ட் போட்டால் கேட்கிறது, பீரோவைப் பூட்டினால் கேட்கிறது. போன வாரம் வகுப்பில் ஒரு பெண் பேனாவை அழுத்தினாள். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததையே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஏதாவது பிடிபடுமா என்றுதான்.

மஸ்கட்டில் ஊரார் வண்டியையெல்லாம் ஓட்டிவிட்டு, திரும்பி வந்ததும் உனக்கென்று ஒன்று வாங்கினாய். சிவப்பு நிறத்தில், இரண்டே இருக்கையோடு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். திருக்காட்டுப்பள்ளியில் ஒரு வேகத்தடை விடாமல் அதன் அடிப்பாகம் தேய்ந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் உன் வயிறு. நீ வாங்கிய காருக்குள் உன்னாலேயே நுழைய முடியவில்லை. அதற்காகத்தான் கழற்றி மாட்டுகிற ஸ்டியரிங்கை வரவழைத்தாய். பின்பக்க வளையத்தை இழுத்தால் அது கையோடு வந்துவிடும். உள்ளே உட்கார்ந்த பிறகு தண்டில் வைத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும்.

மாட்டுகிற அன்று என்னையும் பட்டறைக்கு வரச் சொன்னாய். மஸ்கட்டில் உன்னோடு ஒரே அறையில் கிடந்த நாகூர் சாகுல், தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை சாலையில் வைத்திருந்த பட்டறை. அவன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்டியரிங்கை அதற்குள் இருந்த ஏர்பேக்கோடு எடுத்து வெளியே வைத்தான்.

“வயித்தக் கொறச்சிருந்தா இந்த வேலையே மிச்சம்டா,” என்றான்.

“வயிறு எங்கம்மா போட்டது. ஸ்டியரிங்கு கம்பெனிக்காரன் போட்டது. எத மாத்துறது சுளுவு, நீயே சொல்லு.”

நான் ஏர்பேக்கைக் காட்டி, “இது இல்லாம ஓட்டலாமா?” என்று கேட்டேன்.

“அக்கா, நம்ம ரோட்டுல இந்த வண்டி இருபதுக்கு மேல போச்சுன்னா நீயே எனக்கு ஒரு மால வாங்கிப் போடு,” என்றாய். சாகுல் விழுந்து விழுந்து சிரித்தான்.

புது வளையம் இறுக்கமாக இருந்தது. சாகுல் அரத்தால் அதன் உள்பக்கம் லேசாகத் தேய்த்துவிட்டு ஸ்டியரிங்கை வைத்து அழுத்தினான். டக். “சத்தம் கேட்டா மட்டும் பத்தாதுடா. ஒவ்வொரு தடவையும் உன் பக்கம் ஒரு இழு இழுத்துப் பாத்துட்டுத்தான் சாவியத் தொடணும்,” என்றான். நீ தலையாட்டினாய். கடைசி நாளன்று இழுத்துப் பார்த்தாயா, பாலு?

அதன் பிறகு ஒரு வாரம் ஊரே சிரித்தது. காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போவாய். “தம்பி, ஹாரன் அடிங்க, வழி விடுறோம்!” என்பார்கள். நீயும் வாயாலேயே ஹாரன் அடிப்பாய்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பூஜை போடாத வண்டியில் நீ சுற்றுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. கோயில் சந்துக்குள் கார் நுழையாது. “வண்டி வராட்டி என்னடா? தலைய மட்டும் கழட்டலாம்ல? குடு, ஆத்தா காலடியில வச்சு எடுத்தாரேன்,” என்றாள். கூடையில் தேங்காய், வெற்றிலையோடு ஸ்டியரிங்கும் போனது. துணைக்குப் போன நான் வழக்கம்போல வெளியிலேயே நின்றேன். பூசாரி விளிம்பில் ஒரு பொட்டு வைத்தாராம். அம்மாவுக்கு அது போதவில்லை. “ஓரத்துல வச்சா என்னத்தக் காக்கும்? உசுரு நடுவுலல்ல இருக்கு,” என்று மிச்சச் சந்தனத்தையெல்லாம் நடுவில் அப்பிவிட்டாளாம். திரும்பி வரும் வழியெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

தண்டு போய் உட்காரும் பள்ளமும் பற்களும் அந்த நடுவில்தான் இருக்கின்றன. எனக்கு அப்போது அது தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

மறுநாள் காலை நீ தஞ்சாவூருக்குக் கிளம்பினாய். உளுந்து அறுவடை நேரம். பாதிச் சாலையில் செடியைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். தண்ணீர் இல்லாத வாய்க்காலுக்குள் கார் கவிழ்ந்து கிடந்தது. ஸ்டியரிங் தண்டில் இல்லை. உன் மடியில் சிக்கிக் கிடந்தது.

உளுந்தஞ்செடியில் டயர் வழுக்கியதா? சந்தனம் காய்ந்து பற்களை அடைத்ததில் பூட்டு முழுசாக விழவில்லையா? சாகுலின் அரம் வளையத்தைத் தளர்த்திவிட்டதா? இல்லை, கவிழ்ந்த பிறகு வெளியே வரப் பார்த்து நீயேதான் வளையத்தை இழுத்தாயா? வண்டியைச் சோதித்த அதிகாரி காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ஸ்டியரிங்கைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். பற்களுக்கு நடுவே மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா தினமும் விளக்கேற்றும்போது சாமியோடு சண்டை போடுகிறாள். “நடுவுலயே சந்தனம் வச்சேனே ஆத்தா, ஒனக்குக் கண்ணு இல்லையா?” பக்கத்து அறையில் விடைத்தாள்களோடு உட்கார்ந்திருப்பேன். அதைக் கேட்டுக்கொண்டே எப்படி மதிப்பெண் கூட்டுவது?

சாகுல் அன்று இறக்கிய ஷட்டரை இதுவரை ஏற்றவில்லை. பட்டுக்கோட்டையில் மச்சானின் தேங்காய் மண்டியில் மூட்டை தைக்கிறான். நம் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. நேற்று அவன் மனைவி போன் செய்தாள். “அக்கா, புள்ள சைக்கிளுக்குக் காத்தடிச்சுக் குடுக்கக்கூட பயப்படுறாங்க. நான் தொட்டதுல ஒரு உசுரு போயிருச்சுங்குறாங்க. நாளன்னிக்கு ஆள் வந்து பட்டறைச் சாமான் பூரா வெலைக்கு அள்ளிக்கிட்டுப் போகப் போறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா.”

என்ன வார்த்தை சொல்வது? சந்தனத்தைப் பற்றிச் சொன்னால் அவன் தோளிலிருந்து பாரம் இறங்கும். இறங்கியது எங்கே போய் உட்காரும்? பெற்றவள் தலையில். அதுவும் அது உண்மைதானா என்று தெரியாமலே. சொல்லாவிட்டால் ஒரு நல்ல தொழிலாளி தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டு மூட்டை தைப்பான். நீயாக இருந்தால் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிச் சமாளித்திருப்பாய். எனக்கு அது வராது.

நாளைக் காலை ஸ்டியரிங்கை எடுத்துக்கொண்டு அவனிடம் போகிறேன். என்ன பேசுவேன் என்று இந்த வரிவரை தெரியவில்லை.

போய்விட்டு வந்து எழுதுகிறேன், பாலு.

சாமான்களை ஒப்படைப்பதற்காக சாகுல் பட்டறையைத் திறந்து வைத்திருந்தான். “வாங்கக்கா,” என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கைப் பிரித்தேன். கோயில், கூடை, சந்தனம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“சந்தனம்தான் காரணம்னு நான் சொல்ல வரல, சாகுல். அரம் காரணம் இல்லன்னும் சொல்ல வரல. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாத ஒண்ணுக்கு நீ மட்டும் தண்டனை அனுபவிக்கிற. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். நகத்தால் கீறினான். “அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

ஒரு மூடியில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு, பழைய பல் பிரஷ்ஷால் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தான். சோதனை முடிவதற்குள் பொருளைக் கழுவாதே என்று மாணவிகளைத் திட்டுகிற நான், தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தனம் பெயர்ந்து பெட்ரோலோடு சிமெண்ட் தரையில் ஓடியது.

“மாட்டிப் பாப்பமாக்கா? வண்டிய இங்கதான கொண்டாந்து போட்டாங்க, பின்னால கெடக்கு.”

“கவுந்த வண்டி, சாகுல். தண்டே வளைஞ்சிருக்கும். இன்னிக்குப் பூட்டு நின்னா அன்னிக்கும் நின்னிருக்கும்னு அர்த்தம் இல்ல. கழண்டாலும் அப்பிடித்தான்.”

நான் சொன்னது சரிதான். பயத்தில் சொன்னேன் என்பதும் சரிதான்.

அவன் ஸ்டியரிங்கைச் சாக்கின் மேல் வைத்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். “அம்மாவப் பாக்கணும்க்கா,” என்றான். ஷட்டரை இறக்கிவிட்டு என்னோடு வந்தான்.

“வழி தெரிஞ்சுதாடா?” என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் அம்மா. “ஒரு வருசமா எட்டிப் பாக்கல. நாங்க என்ன ஒன்னக் கடிச்சா தின்னுருவோம்? ஒக்காரு.” இலை போட்டுத் தானே பரிமாறினாள். அவன் முதல் கவளத்தை எடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். “நடுவுலயே சந்தனம் வச்சேன் சாகுலு. கை நெறைய அள்ளி வச்சேன்.”

ரசப் பாத்திரத்தோடு நான் கதவருகே நின்றுவிட்டேன்.

“பாத்தேம்மா,” என்றான் சாகுல். “நல்லா நெறையத்தான் வச்சிருந்தீங்க.”

“அப்புறம் ஏண்டா அது அவனக் காக்கல?”

“தெரியலம்மா. எனக்கும் தெரியல.”

அம்மா இலையை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, “சோறு ஆறுது. தின்னு,” என்றாள்.

அவன் மோர் ஊற்றிக்கொண்டபோது போன் வந்தது. வண்டியோடு வந்து பூட்டிய ஷட்டர் முன்னால் நிற்கிறோம் என்று யாரோ கத்துவது எனக்கே கேட்டது. “திட்டுனாலும் சரிண்ணே, வெறும் வண்டியாத் திரும்பிப் போங்க,” என்றான் சாகுல். “நான் விக்கல.”

அம்மா இருக்கும்வரை இந்தக் கடிதம் யார் கண்ணிலும் படாது, பாலு. அதற்குப் பிறகு, சாகுல் சம்மதித்தால், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உனக்கு என்ன ஆனது என்று கேட்பவர்களிடம் தெரியாது என்றுதான் சொல்வேன். எவரையும் கைகாட்ட மாட்டேன்.

வருஷத்துக்கு வருஷம் உன்னைவிட இன்னும் மூத்தவளாகிக்கொண்டே போகும்
உன் அக்கா