ஆளும் மூட்டையும் சேர்த்து நூற்றிருபது

காஜா பேராங், மலாக்கா
சுபானு வருஷம், புரட்டாசி 14

அன்பு மகள் கோகிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதேபோல் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற ராசாவோ ராசாத்தியோ அதுவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று சேதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும், சோறு எங்கே இருக்கிறது என்று கேட்காதே, பேச்சுக்குச் சொன்னேன், இங்கே இறங்குவதெல்லாம் மரவள்ளிக்கிழங்குதான். இந்தக் கடிதத்தைத் தேவதாஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன், அப்பாவோடு தையல் கடையில் இருந்தவரின் மகன், உனக்கு ஞாபகம் இருக்கும், இப்போது தம்பின் ஸ்டேஷனில் வேலை பார்க்கிறான், ரயிலோடு ஈப்போ வரைக்கும் போய்வருகிறான், கம்பாரில் இறங்கி உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவனை வெறும் வயிற்றோடு அனுப்பிவிடாதே.

ஆடி மாதம் வந்த உன் கடிதத்தில் நாலே வரிதான் எழுதியிருந்தாய், மூன்றாவது வரியில் ஐந்து மாதம் என்று போட்டு நாலாவது வரியில் அம்மா நீ வந்துவிடுவாய்தானே எனக்குப் பயமாக இருக்கிறது என்று முடித்திருந்தாய், அந்த நாலாவது வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டியது, உன்னை இந்தக் காலத்தில் வயிற்றோடு கூட்டிவர முடியாது, உன் மாமியாரோ நாகப்பட்டணத்தில், கப்பலே கிடையாது, ஆக நான் வந்தே தீர வேண்டும். ஆனால் எதில் வருவது? இங்கேயிருந்து தம்பின் போகிற தண்டவாளத்தை ஜப்பான்காரர்கள் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பஸ்ஸும் இல்லை, இருபத்து நான்கு மைல் போக ஒரே வழி மருதமுத்துவின் சைக்கிள்தான், மரவள்ளியும் கருவாடும் ஏற்றுகிற அதே கேரியரில் ஆளையும் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுகிறான். அவனிடம் போய்க் கேட்டேன், அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான், பார்த்துவிட்டு, அக்கா கோவிச்சுக்காதீங்க, டயரு கெடைக்காம தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துற ரப்பர் குழாய வெட்டி மாட்டியிருக்கேன், நூத்தி இருபதுக்கு மேல ஏத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நேரே டிரஸ்ஸர் கலியாணசுந்தரம் வீட்டுக்குப் போனேன், நோயாளிகளை நிற்கவைத்து நிறுக்கும் மிஷின் அங்கே இருக்கிறதல்லவா, ஏறி நின்றேன், நூற்றெழுபத்தாறு ராத்தல் காட்டியது. மகளே, ஐம்பத்தாறு ராத்தல் கூடுதல். ஒரு பிள்ளையின் கனத்தையே என் உடம்பிலிருந்து இறக்கினால்தான் என் பிள்ளையைப் பார்க்கலாம் என்றாகிவிட்டது.

உனக்குத்தான் தெரியுமே, நான் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டுகிற வாகு. இந்த இரண்டு வருஷத்தில் காஜா பேராங்கில் அத்தனை பேரும் வற்றிப் போனார்கள், நான் மட்டும் மரவள்ளியையும் தேங்காயையும் தின்று இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தேன், குழாயடியில் ஒருத்தி அக்கா கட்டிலுக்கடியில அரிசி மூட்டை வச்சிருக்கீங்களா என்று கேட்டே விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், சிவகாமசுந்தரி என்ற பேரையே சுந்தரி என்று சுருக்கிப் பார்ப்போமா, அதிலேயே பாதி குறையும் என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டேன், அதுதான் ஆரம்பம், வேறு எந்த யோசனையும் கிடையாது.

கிளேபாங் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும் என்றுதான் கிளம்பினேன், நாலாவது தந்திக் கம்பத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் முட்டி வலியில் எழுந்திருக்க மனசே இல்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு மும்தாஜ் வந்தாள், ஜாலான் பெண்டஹாராவில் மளிகைக் கடை வைத்திருக்கிற கய்யூம் பாயின் மனைவி, அவள் ஒல்லிக்குச்சி, அவளுக்கு நடக்க வேண்டிய அவசியமே இல்லை. அலாமாக், இன்னைக்கு அஞ்சு கம்பம் நடந்தா போதுங்கக்கா, கிளேபாங்க யாரு கேட்டா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ஐந்து, அடுத்த நாள் ஆறு, இப்படியே ஒவ்வொரு கம்பமாகக் கூட்டிக்கொண்டே போனோம். தூரத்தில் இருக்கிற கடலைப் பார்க்க மாட்டேன், அடுத்த கம்பத்தை மட்டும் பார்ப்பேன், தொட்டதும் அதற்கு ஒரு தட்டுத் தட்டுவேன், பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரித்தான் இருந்திருக்கும். ஆவணி பிறந்தபோது கிளேபாங் கடற்கரையில் போய் நின்றேன், மும்தாஜ் கை தட்டினாள், நான் வெட்கமில்லாமல் முட்டியளவு தண்ணீரில் இறங்கி நின்று சிரித்தேன்.

சாப்பாட்டையும் பட்டினி கிடந்து குறைக்கவில்லை, பயப்படாதே, டிரஸ்ஸர் அப்படிச் செய்யவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். தேங்காய்ப்பாலும் கூலா மலாக்கா வெல்லப்பாகும் ஊற்றிய கிழங்கை மட்டும் நிறுத்தினேன், கீரையும் கிளேபாங் மீனும் வயிறாரச் சாப்பிடுகிறேன். அந்த ஊற்றிய கிழங்கை நிறுத்தியதுதான் பெரிய தவம், எதிரே உட்கார்ந்து உன் அப்பா சப்புக் கொட்டிக்கொண்டு அதைத் தின்பார், மனுஷனுக்கு மனசாட்சியே இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். என் ரவிக்கைகள் தொளதொளவென்று ஆனதும் வாங்கிப்போய்ப் பிடித்துத் தைத்தார், வெட்டியெடுத்த துண்டுகளை ஒன்றாக இணைத்து உன் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்துவிட்டார். துணியே கண்ணில் காணாத காலத்தில் என் நீல ரவிக்கை, மஞ்சள் ரவிக்கை, பூப்போட்ட ரவிக்கை மூன்றிலும் இருந்து ஒரு சட்டை. இன்னும் கொஞ்சம் இளைத்தால் ஒரு குல்லாவுக்கும் துணி தேறும், சீக்கிரம் இளை என்று இப்போது அவர்தான் அவசரப்படுத்துகிறார். இன்னொரு கூத்தையும் கேள், பாலத்தடியில் காவல் நிற்கிற ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டுமே, முன்பெல்லாம் நான் குனிந்தால் நிமிர்த்துவதற்கு ஒரு ஆள் வேண்டும், இப்போது மடமடவென்று குனிந்து நிமிர்கிறேன். இந்த வரியை மட்டும் யாருக்கும் படித்துக் காட்டாதே.

எல்லாம் சந்தோஷமாகத்தான் போனது என்று நினைக்காதே. வாராவாரம் டிரஸ்ஸர் மிஷினில் ஏறுவேன், முதலில் கிடுகிடுவென்று இறங்கியது, பிறகு நூற்றைம்பத்தாறில் வந்து நின்றுவிட்டது. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன், முள் அசையவே இல்லை. இருபது ராத்தல் குறைத்திருக்கிறேன், இன்னும் முப்பத்தாறு குறைக்க வேண்டும், கார்த்திகைக்குள் நடக்கிற காரியமா என்று விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன், நடக்காது என்று தெரிந்துவிட்டது. நான் வருவதற்குள் நீ பெற்றுவிடுவாய், பக்கத்தில் உன் கையைப் பிடிக்க ஆள் இருக்காது, அந்த நாலாவது வரி திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. வீட்டுக்கு வந்து ஒரு முழுத் தேங்காயைத் துருவிப் பாலெடுத்து, இருந்த கூலா மலாக்காவை எல்லாம் கரைத்து ஊற்றி, ஒரு சட்டிக் கிழங்கையும் ஒருத்தியாகத் தின்றேன், தின்றுகொண்டே அழுதேன், அழுதுகொண்டே தின்றேன். மூன்று நாள் நடக்கப் போகவில்லை. மும்தாஜ் வந்து கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துக்கிடந்தேன்.

நாலாவது நாள் சனிக்கிழமை, பெருமாளுக்கு விளக்குப் போட வேண்டுமே என்று எழுந்து எண்ணெய் கேட்க மும்தாஜ் வீட்டு வாசலில் நிற்கிறேன், மருதமுத்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறான், பின்னால் கேரியரில் யார் என்கிறாய், தேங்காய் மண்டி வைத்திருக்கிற சீன முதலாளி, தவுக்கே! என் கனத்துக்குக் குறையாத ஆள், வயிறு இரண்டு பக்கமும் வழிகிறது. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுரோட்டில் போய் மறித்தேன். ஏண்டா மருதமுத்து, பணக்காரன்னா ஏத்துவே, நான் என் பிள்ளையப் பாக்கப் போறதுன்னா நூத்தி இருபது ராத்தல்னு சட்டம் பேசுவியா என்று கத்தினேன், தெருவே கூடிவிட்டது, தவுக்கே பயந்துபோய் இறங்கி நின்றுகொண்டார். மருதமுத்து திருதிருவென்று விழித்தான். ராத்தலா? நான் எப்பக்கா ராத்தல்னு சொன்னேன், கெழங்கு ஏத்துறவன் ராத்தலக் கண்டேனா, நான் சொன்னது காத்தியில்ல என்றான்.

காத்தி! சந்தையில் கிழங்கும் மீனும் நிறுக்கிற அதே காத்தி. நூற்றிருபது என்று மட்டும் சொன்னான், நானாக டிரஸ்ஸர் மிஷினைப் பார்த்து ராத்தல் என்று எடுத்துக்கொண்டேன், இத்தனை வாரமும் ஒரு ஆளுகூட எந்த நிறுவை என்று கேட்கவில்லை, உன் அப்பாவும் கேட்கவில்லை, வருஷக்கணக்காகக் கடை வைத்திருக்கிற கய்யூம் பாயும் கேட்கவில்லை. மூன்று காத்தி என்றால் நாலு ராத்தல், அப்படியானால் நூற்றிருபது காத்தி நூற்றறுபது ராத்தல், நான் அதற்கும் கீழே இறங்கி இரண்டு வாரமாகிறது. முடிந்துபோன காரியத்துக்காக ஒரு சட்டிக் கிழங்கைத் தின்று அழுதிருக்கிறேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை, அப்படியே மும்தாஜை இழுத்துக்கொண்டு கய்யூம் பாய் கடைக்குப் போய் மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் ஏறி உட்கார்ந்தேன், பாய் மரியாதைக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், மும்தாஜ் எடைக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டு, நூத்திப் பதினேழுக்கா என்று கூவினாள். தராசில் உட்கார்ந்தபடியே நான் சிரித்த சிரிப்பில் தராசு ஊஞ்சலாடியது. வழியில் மறித்து வைத்தேன் என்று தவுக்கேயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அந்த நல்ல மனுஷர், மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று கேள்விப்பட்டதும் இரண்டு தேங்காய் கொடுத்தனுப்பினார்.

இதோடு கதை முடிந்தது என்று நீ நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். மூட்டை கட்டும்போது மருதமுத்து வந்து தலையைச் சொறிந்துகொண்டு, ஆளும் மூட்டையும் சேத்துத்தான் அக்கா நூத்தி இருபது என்றான். மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தோம், எட்டுக் காத்தி. பிள்ளை பெற்ற உடம்புக்குச் சுக்கு, மிளகு, ஓமம், பூண்டு, கய்யூம் பாய் எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொடுத்த ஒரு போத்தல் நல்லெண்ணெய், கருப்பட்டி, கருவாடு, குழந்தையின் சட்டை, என் மாற்றுச்சேலை. எனக்கு மீதி இருந்தது மூன்று காத்திதான், ஐந்து காத்தி கூடுதல். எண்ணெயையும் கருப்பட்டியையும் விட்டுவிட்டு நீ மட்டும் போ, போதும் நீ பட்ட பாடு என்று அப்பா சொன்னார். எதை விடுவது சொல், வெறுங்கையோடு வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு மட்டும் உட்காரவா? விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முன்பு ஐம்பத்தாறு என்று நினைத்து நடந்தபோது மலைப்பாக இருந்தது, இந்த ஐந்துக்கு அந்த மலைப்பே இல்லை, ஏன் தெரியுமா, ஒவ்வொரு காத்திக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டேன். முதல் காத்தி எண்ணெய், அது இந்த வாரம் இறங்கிவிட்டது, எண்ணெய்ப் போத்தல் மூட்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்தது கருப்பட்டி. வழியில் முட்டி வலித்தால் இது என் மகளின் கருப்பட்டி என்று சொல்லிக்கொண்டு அடுத்த கம்பத்தைத் தட்டுகிறேன். நீயும் அப்படியே செய், சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்று எழுதியிருந்தாயே, ஒரு தட்டையும் மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும், இந்த ஒரு வாய் பிள்ளைக்கு, அடுத்த வாய் எனக்கு என்று எண்ணிக்கொண்டு சாப்பிடு. நான் இளைப்பதைப் பார்த்து நீயும் இளைக்கக் கிளம்பிவிடாதே, நீ பெருக்க வேண்டிய காலம் இது. கனமான வாளியைத் தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும், நான் சொன்னேன் என்று சொல்.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் இங்கே கிளம்புகிறேன், தம்பினில் தேவதாஸ் டிக்கெட் வாங்கி வைத்திருப்பான். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், மாரியம்மன் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் மடியில் வைத்துக் காக்கட்டும், நீ தீர்க்க சுமங்கலியாகப் பிள்ளையும் பாலுமாக நிறைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, கம்பார் ஸ்டேஷனில் பழைய குண்டம்மாவைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவை. நீயும் என்னைப் பார்த்ததும் ஐயோ அம்மா இப்படி உருகிப் போய்விட்டாயே என்று அழக்கூடாது. குறைந்ததெல்லாம் மூட்டையில் இருக்கிறது, பிரித்துப் பார், எல்லாம் உனக்குத்தான்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க நடந்துகொண்டே இருக்கிற உன் அம்மா
சிவகாமசுந்தரி தம்பிராஜா
இன்று காலை நிலவரம்: நூற்றுப் பதினாறு காத்தி