வாலுவுக்குக் கட்டுப் பிரித்த அன்று

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் மருமகளும் குழந்தையும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் என் குரல் உடைந்துவிட்டால், அவ்வளவு தூரத்தில் தனியாக நீ என்ன செய்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

நம் வாலுவுக்கு நேற்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அதற்கு முன்னால் நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நீ வீடியோவில் பார்த்தது முதல் கட்டு இல்லையப்பா, இரண்டாவது. முதல் ஆபரேஷனில், பிறவியிலேயே இடுப்புக் கிண்ணத்தைவிட்டு விலகியிருந்த தொடை எலும்பை உள்ளே வைத்துக் கட்டினார்கள் அல்லவா, கொஞ்ச நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது அது மறுபடியும் நழுவியிருந்தது. கிண்ணம் ஆழமே இல்லை, தட்டு மாதிரி இருக்கு, யார் மேலயும் தப்பில்லை என்றார் டாக்டர். மறுபடி மயக்கம் கொடுத்து, இந்தத் தடவை இடுப்பெலும்பையே வெட்டிச் சரித்துக் கிண்ணத்தை ஆழமாக்கி, தொடை எலும்பையும் கொஞ்சம் குறைத்துத் தகடு வைத்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடும்வரை குழந்தை என்னைப் பார்த்து, தாத்தா நீயும் வா, நீயும் வா என்று கத்திக்கொண்டே போனாள். நான் வெளியே நின்றேன். வேறென்ன செய்ய முடியும்.

இதை உன்னிடம் மறைத்தது மருமகள்தான், ஆனால் அவள்மேல் கோபப்படாதே. முதன்முதலில் விஷயம் தெரிந்த அன்று நீ போனில், பக்கத்துலயே இருந்தும் உனக்குத் தெரியலையா என்று கேட்டாய். பயத்தில் கேட்டாய், எனக்குப் புரிகிறது. அவளுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. தடுப்பூசிக்குப் போனபோதெல்லாம் பார்த்தவர்களுக்கே தெரியவில்லை, அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? மார்பிலிருந்து பாதம்வரை கட்டோடு கிடந்த பிள்ளையைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு அவள் மணிக்கட்டே வீங்கிவிட்டது. கட்டு நனையக்கூடாது என்று, குழந்தை ஒன்றுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் துணியை மடித்துச் செருகுவாள். அரிக்குது அரிக்குது என்று குழந்தை அழும்போது உள்ளே கைவிட முடியாமல் கட்டின்மேல் விரலால் தட்டித் தட்டிப் பாட்டுப் பாடுவாள். கட்டுக்குமேல் எந்தத் துணியும் ஏறாது என்பதால் இரண்டு பக்கமும் பிரித்து நாடா வைத்து நான் சில கவுன்கள் தைத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷம் மெஷின் மிதித்ததில் இப்படி ஓர் அளவு எடுத்ததே இல்லை.

நேற்று ரம்பம் மாதிரி ஒரு மெஷினை வைத்து அறுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அழுதாள் என்று நினைத்தோம், சத்தம் நின்றும் அழுகை நிற்கவில்லை. வலது கால் குச்சியாக, தோல் உரிந்து, யாருடைய காலோ போலக் கிடந்தது. அதைத் தொடவே பயந்து, கட்டு போடு, எனக்குக் கட்டு போடு என்று டாக்டர் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டுப்போடச் சொல்லி அழும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்தக் கண்டிப்பான டாக்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார், எலும்பு இப்ப உள்ள உட்கார்ந்திருக்கு, நடப்பா, ஆனா கொஞ்சம் சாய்ஞ்சுதான் நடப்பா, பெரியவளானா இன்னொரு தடவை திறக்க வேண்டியும் வரலாம். மருமகள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், அவர்கிட்ட என்ன மாமா சொல்றது என்று அந்த ஒன்றைத்தான் கேட்டாள். நான் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

ஓடுவாளா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாதப்பா. இன்று காலை சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம், தலையணையை என்மேல் விட்டெறிந்தாள். வாலு வாலுவாகத்தான் இருக்கிறாள், அது மட்டும் நிச்சயம்.

மனதைத் தளர விடாதே. லீவு கிடைக்கவில்லை என்று உன்னையே நொந்துகொள்ளாதே. நீ எங்கிருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, நீ நன்றாக இருப்பாய். ஒன்றே ஒன்று, இதைப் படித்துவிட்டு நீ போன் செய்யும்போது குழந்தையின் காலைப் பற்றி அப்புறம் கேள். முதலில் உன் மனைவியிடம், நீ சாப்பிட்டியா என்று கேள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா