அடியோடு தோண்டிய காளான்

கட்டுகஸ்தோட்டை

மச்சானுக்கு ஸலாம்.

தெல்தெனியப் பக்கம் கோப்பிக்கொட்டை வாங்கப் போன வீட்டில் ஒருத்தர் சொன்னதாகப் போன மாதம் எழுதியிருந்தீங்க. வெள்ளைக் காளானை ஒடிக்காமல் அடியோடு தோண்டிப் பார்க்கணுமாம், அடியில் பை மாதிரி உறை இருந்தால் விஷமாம். சரி. காளான் கறிக்குத் தேங்காய்ப்பாலைக் கடைசியில்தான் ஊற்றணும் என்றும் எழுதியிருக்கிறீங்களே, அதையும் அந்த ஒருத்தர்தான் சொன்னாரா? நமக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நீங்க அடுப்படியை எட்டிப் பார்த்ததில்லை.

நேற்று மழை விட்டதும் மகள் ஆற்றோரக் காட்டில் ஒரு மடி வெள்ளைக் காளான் ஒடித்து வந்தாள். உம்மா செய்வது போல வெள்ளி மோதிரத்தைப் போட்டுக் கொதிக்க வைத்தேன். விஷமென்றால் கறுக்குமாம்; மோதிரம் கறுக்கவில்லை. மகளுக்குச் சோறும் போட்டுவிட்டேன். ஆனால் உங்க கடிதம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அவளைச் சாப்பிடவிடாமல் கூட்டிப் போய், ஒடித்த இடத்தைக் கத்தியால் தோண்டினேன். ஒவ்வொன்றின் அடியிலும் முட்டைத்தோல் போல உறை. கறியைச் சட்டியோடு புதைத்துவிட்டேன்.

மகள் சுகம்.

அந்த ஒருத்தியை ஏசுவதற்கென்றே ஒரு மாதமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், மச்சான். என் பிள்ளையைக் காப்பாற்றியவளை இனி எந்த வாயால் ஏச?

இப்படிக்கு,
உங்க மகளின் உம்மா