அடியில் அடித்த தண்ணீர்

இன்று காலை உப்பு வியாபாரி ஒருவர் தன் புது வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். உயரமான கறுப்பு வண்டி, உள்ளே டிவி அளவுக்கு ஒரு திரை. மரக்காணம் பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது என் தலை கதவுக் கண்ணாடியில் இடித்தது. அவருடைய தண்ணீர் பாட்டில் உருண்டு என் காலடிக்கு வந்தது. அவர் ஒன்றுமே நடக்காதது போல வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். கண் மட்டும் பின் சீட்டுக்குப் போயிற்று. உடம்பு முடியாமல் நீ அங்கே சாய்ந்திருந்தால் அந்த ஓர் இடிக்கே வாந்தி எடுத்திருப்பாய்.

உன் வண்டி அப்படி இடித்ததே இல்லை. இத்தனைக்கும் அதற்கு இருபது வயசுக்கு மேல். ஆரோவில்லில் நீ டிரைவராக இருந்த வெளிநாட்டுக் குடும்பம் ஒரேயடியாகத் தங்கள் ஊருக்குக் கிளம்பியபோது, அதை விற்க மனசில்லாமல் உன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. உன் தெருவுக்குள் அது நுழையவில்லை. இரண்டு பக்கத்துச் சுவரையும் பார்த்துவிட்டு ரிவர்ஸ் எடுத்து, நேராக உப்பளத்துக்கு வந்து என் கொட்டகை முன்னால் நிறுத்தினாய். நான் கூலியாட்கள் முன்னாலேயே உன்னைக் கிண்டல் செய்தேன். "ஏம்பா, நம்ம ஊருக்கு எதுக்குடா இந்தக் கப்பலு" என்றேன். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. கதவைத் திறந்து உட்காரச் சொன்னாய்.

அன்றைக்கு நீ என்னைக் கூனிமேடு வரைக்கும் ஓட்டிக் காட்டினாய். நான் வாழ்நாளெல்லாம் உப்பு ஏற்றுகிற சின்ன லாரி ஓட்டியவன். பெரிய வண்டி என்றால் குலுங்கும், இரையும், திருப்பத்தில் சாயும், அதுதான் அதன் இயல்பு என்று நினைத்திருந்தேன். உன் வண்டி அவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு வளைவில் சாயாமல் திரும்பியது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் மெதுவாகப் போகும்போது இருக்கிற இடமே தெரியவில்லை. நீ காலை அழுத்தியதும் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஸ்டீயரிங் மட்டும் நல்ல கனம். அது கனமாக இருந்தால்தான் ரோடு என்ன சொல்கிறதென்று கைக்குத் தெரியும் என்றாய். எனக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை. மெத்தையில் உட்கார்ந்து போவது போல இருந்தது என்பது மட்டும் நிஜம்.

திரும்பி வந்ததும் என்னைத் தரையில் படுக்கவைத்து வண்டியின் அடிப்பாகத்தைக் காட்டினாய். அந்தக் காலத்தில் இந்த உயரத்து வண்டிகளுக்கெல்லாம் லாரியைப் போல அடியில் சேசிஸ் என்கிற கனமான இரும்புச் சட்டம் இருக்கும், அதன்மேல் பாடியைத் தூக்கி வைத்திருப்பார்கள். இதைச் செய்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். காரைப் போலத் தகட்டை மடித்து மடித்து ஒட்டி, பாடியையே எலும்பாக்கிவிட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் சக்தி போகும், ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பக்கத்துச் சக்கரத்துக்குத் தெரியாது. பின்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள். எத்தனை பேர் ஏறினாலும் அவை உப்பி, வண்டியைச் சமமாக நிறுத்திவிடும். "மொத மொத இந்த மாதிரி செஞ்சவங்களுக்கு தைரியம் ஜாஸ்திடா" என்று யாரோ சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாய். அது எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று கேட்டதும் எழுந்து சட்டையிலிருந்த மண்ணைத் தட்ட ஆரம்பித்துவிட்டாய்.

அப்புறம் உனக்குச் சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் பாண்டிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும் என்றார்கள். முதல் மாதம் பஸ்ஸில் போனாய். போகும்போது பரவாயில்லை, வரும்போதுதான் சித்திரவதை. நாலு மணி நேரம் மெஷினில் கிடந்த உடம்பு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் குமட்டும். ஒருநாள் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, ரோட்டோரத்தில் உட்கார்ந்தபடி எனக்குப் போன் செய்தாய். இனிமேல் போகப்போவதில்லை, நடக்கிறது நடக்கட்டும் என்றாய். நான் உன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அதை நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. பயத்தில் மாட்டு வண்டி வேகத்தில் வந்தேன். பின் சீட்டில் படுத்த நீ ஊர் வரும் வரை கண் விழிக்கவில்லை. இறங்கும்போது, "இதுல போறதுன்னா போறேன்" என்றாய். அதிலிருந்து உன் உயிர் அந்த வண்டியில்தான் இருந்தது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒன்றரை வருஷம் ஓட்டினேன். பின்னால் படுத்துக்கொண்டே அதிகாரம் செய்வாய். கண்ணை மூடியிருந்தாலும் எந்தத் திருப்பம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. "பிரேக்க மிதிக்காத, முன்னாடியே கால எடு, அதுவா அடங்கும்" என்பாய். நான் லாரிக்காரன் புத்தியில் மிதித்துவிட்டால் ஒரு பெருமூச்சு வரும், அவ்வளவுதான். நாளாக ஆக அந்தப் பெருமூச்சும் நின்றது. நான் தேறிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

உப்புக்காற்றில் நிற்கிற வண்டி, அடியில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், மாதத்துக்கு இரண்டு தடவை போதும் என்று ஆரம்பத்தில் நீதான் சொன்னாய். நான் இரண்டு தடவையோடு விடவில்லை. தினமும் சாயங்காலம் பாத்தி வேலை முடிந்ததும், போர் மோட்டாரைப் போட்டு, குழாயை இழுத்து வந்து, தரையில் மல்லாந்து படுத்து மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். பாத்திக்கு உப்புத் தண்ணீர் இறைக்கிற போர். கடல் தண்ணீரைவிடக் கரிக்கும். எங்களுக்கு அது வெறும் தண்ணீர். மண்வெட்டியைக் கழுவுவதும் அதில்தான், கால் கழுவுவதும் அதில்தான். இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? மேலே பெயிண்ட்டில் பட்டால் காய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது என்று, மேல்பாகத்தை மட்டும் வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுவந்த நல்ல தண்ணீரில் துடைப்பேன். மேலே வெள்ளை படிகிறது என்று தெரிந்தவனுக்குக் கீழேயும் படியும் என்று தோன்றவில்லை. உப்பளத்திலேயே முடி நரைத்தவன் நான்.

ஒருநாள் நீ, "தினம் எதுக்குடா, வுடு, முதுகு புடிச்சிக்கும்" என்றாய். என் மேல் உள்ள அக்கறை என்று நினைத்து, அடுத்த நாள் இன்னும் பத்து நிமிஷம் கூட அடித்தேன்.

போன மழைக்காலம் முடிந்த சமயம் வண்டி மாறத் தொடங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் லேசாக ஒதுங்கும். திரும்பும்போது அடியில் யாரோ தட்டுவது போல ஒரு சத்தம். பாண்டியிலிருந்து வரும் வழியில் பொம்மையார்பாளையத்தில், வெளிநாட்டுக்காரர்களின் பழைய வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் விட்டோம். உனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டார்கள். வண்டியை மேலே தூக்கி, கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரால் குத்தினார் அவர். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இடத்தைத் தொட்டார், செதில் செதிலாகக் கொட்டியது.

"லாரி மாதிரி சேசிஸ் இருந்தா துண்டு வெச்சி வெல்டு அடிச்சிடலாங்க. இதுல தகரந்தான் எலும்பு. அதுவே போயிடுச்சி. இனிமே ஓட்டாதீங்க, வீலு கழண்டுக்கும்" என்றார். எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். வாயிலிருந்து சொல் வெளியே வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

நீதான் பேசினாய். "அது ஆரோவில்ல இருந்தப்பவே துரு புடிச்சிருந்துச்சு. நாந்தான் இவன்கிட்ட சொல்லல." முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு அப்போது மூச்சு வந்தது. நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

அதற்கப்புறம் வாடகைக் கார் வைத்தோம். ஒருவன் வேகத்தடையைப் பார்க்கவே மாட்டான், இன்னொருவன் பிரேக்கிலேயே வண்டி ஓட்டினான். என் லாரியில் முன்சீட்டில் தலையணை வைத்துக்கூடக் கூட்டிப் போனேன். திரும்பும்போது கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் உன் சட்டையெல்லாம் வாந்தி. ஒரு வியாழக்கிழமை, இன்றைக்கு வேண்டாம் என்றாய். அடுத்த வாரம் இரண்டு நாள் வேண்டாம் என்றாய். நான் சண்டை போட்டேன், காலைப் பிடித்தேன், உன் மனைவியை அழவைத்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, மூன்றாம் வாரம் போய்விட்டாய். இதயம் எப்படியும் பலவீனமாகத்தான் இருந்தது என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சொன்ன ஆறுதலா நிஜமா தெரியவில்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, வண்டியை என்ன செய்வது என்று தங்கச்சியிடம் கேட்கப் போனேன். உன் மனைவியை நான் வேறு பெயரில் கூப்பிட்டதில்லை, உனக்குத் தெரியும். பேச்சுவாக்கில், ஆரோவில்லிலேயே துருப்பிடித்த வண்டிதானே, இவ்வளவு நாள் வந்ததே பெரிசு என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அதெல்லாம் இல்லண்ணா. வாங்கறப்ப அந்த மெக்கானிக்கே அடியில பாத்துட்டு புதுசாட்டம் இருக்குதுன்னாரு. நீங்க போர் தண்ணிய அடிக்கறத இவரு ஒரு நாளு வந்து பாத்துட்டு, கூப்புடாமயே திரும்பிட்டாரு. போயி சொல்லுங்கன்னு நான் சொன்னேன். எனக்காக மண்ணுல படுத்துக்கினு கழுவறான், அவன்கிட்ட எப்படி சொல்றது, ஒடஞ்சி போயிடுவான்னாரு. எனக்கு அப்புறந்தான் வண்டி போவும், வுடுன்னுட்டாரு."

நான் எழுந்து வந்துவிட்டேன். தங்கச்சி பின்னாலேயே வாசல் வரை வந்து, சொல்லியிருக்கக் கூடாது என்று அழுதாள். சொன்னது நல்லது என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வண்டி இன்னும் கொட்டகை முன்னால்தான் நிற்கிறது. காற்றுப் பைகள் இறங்கிப் பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வேலைக்கு வருகிறவர்கள் அதன்மேல் சாப்பாட்டுத் தூக்கை வைக்கிறார்கள். தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால், எவ்வளவு பெரிய மனசு, உன்னை மன்னித்துவிட்டுப் போயிருக்கிறான் பார் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முப்பது வருஷம் என்னை எதற்கெல்லாமோ திட்டியிருக்கிறாய். பீடி பிடித்ததற்கு, சட்டைக்குப் பித்தான் மாற்றிப் போட்டதற்கு, பிரேக்கை மிதித்ததற்கு. திட்ட வேண்டிய ஒரே ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறாய். நான் உடைந்துபோவேன் என்று உனக்கு யார் சொன்னது? நாலு பேர் முன்னால் நீ அசிங்கமாகத் திட்டியிருந்தாலும் நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கழுவியிருப்பேன். நீ இருந்திருப்பாய்.